நீராகாரம் மட்டும்

தனப்பிரியாவிடம் யாரும் எதையும் 'உன்னால் முடியாது' என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தது, அதை முடிக்கிற வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். பொட்டப்புள்ளைக்கு டாக்டர் படிப்பே அதிகம், அதிலும் கத்தி எடுக்கிற படிப்பு எதற்கு என்று பெரியப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே சர்ஜரியில் எம்.எஸ். முடித்தாள். அது போதாதென்று கோயம்புத்தூரில் ஆறு மாதம் தங்கி, குடல் ஆபரேஷனை லேப்ராஸ்கோப்பியில் செய்யவும் கற்றுக்கொண்டு வந்தாள். இப்போது வயது முப்பத்தேழு. சேலம் அஸ்தம்பட்டியில் நூறு படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. பெரியப்பா மூலத்துக்கு அவளிடம்தான் வைத்தியம் பார்க்கிறார் என்பது வேறு விஷயம்.

லேப்ராஸ்கோப்பி என்றால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. வயிற்றை நீளமாகக் கிழிக்காமல், நாலைந்து சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, மற்றதில் நீளக் கம்பி மாதிரியான கருவிகளை விட்டு, எதிரே இருக்கும் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே உள்ளே வேலை செய்வது. பித்தப்பைக்கும் குடல்வாலுக்கும் சேலத்தில் இது பழைய சங்கதி. தெருவுக்கு ஒரு போர்டு தொங்குகிறது. ஆனால் பெருங்குடல் அப்படிப்பட்ட சாது இல்லை. வெட்டணும், ரத்தக் குழாயைக் கட்டணும், மறுபடி ஒட்டணும், ஒட்டினது ஒழுகாமல் நிற்கணும். ஒழுகினால் ஆளே போய்விடலாம்.

அந்த ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் நவநீதகிருஷ்ணன் முப்பத்தைந்து வருஷமாக வயிறு திறக்கிறவர். ராசியான கை என்று நாமக்கல் வரைக்கும் பேர். அவருக்கு இந்தத் துளை வைத்தியத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது.

"ஏஞ்சாமி, கைய உள்ள உடாம கட்டி எங்க இருக்குதுன்னு எப்படித் தெரியும்? டி.வி.யப் பாத்துக்கிட்டே வெட்டறதுக்கு அது என்ன சீரியலா?" என்று கேட்டார்.

"பழகிட்டாத் தெரியுமுங்க சார்."

"யாரு வயித்துல பழகறது?"

தனப்பிரியா விடாமல் எட்டு மாதம் நச்சரித்து, கடைசியில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கிவிட்டாள். "மூணு கேஸ் பண்ணு. மூணாவது முடியட்டும். இந்த ஆஸ்பத்திரில குடலுக்கு இந்த வேலை வேணுமா வேண்டாமான்னு அப்பச் சொல்றேன்."

முதல் கேஸ் மல்லூர் டீச்சர் ஒருவர். நல்லபடியாகத்தான் முடிந்தது, ஆனால் ஏழு மணி நேரம். மயக்க மருந்து டாக்டர் ஜீவா பாதியில் முனகினார்: "படுத்திருக்கறவங்க நிம்மதியாத் தூங்கறாங்க. நிக்கற நாங்க என்னம்மா பாவம் பண்ணினோம்?" இரண்டாவது கேஸில் ரத்தம் பீறிட்டு டி.வி. முழுக்கச் சிவப்பானது. திறந்துதான் நிறுத்த வேண்டியிருந்தது. அந்த மனிதருக்குக் காயத்தில் சீழ் வைத்து, பத்தொன்பது நாள் படுத்துக் கிடந்தார். பத்தொன்பது நாளும் தனப்பிரியா தானே போய்க் கட்டுப் பிரித்துக் கட்டினாள். ஒவ்வொரு நாளும் அவர், "நல்லாருக்கீங்களா டாக்டரம்மா" என்று அவளையே விசாரிப்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

மூன்றாவதாக வந்தவர் சென்றாயன்.

அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு சேகோ பேக்டரியில் லோடுமேன். ஐம்பத்திரண்டு வயது. தொண்ணூறு கிலோ ஜவ்வரிசி மூட்டையை முதுகில் வாங்கி லாரியில் ஏற்றுகிற உடம்பு. மலத்தில் ரத்தம் போவதை ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். மனைவி மாரக்காள் துணி துவைக்கும்போது கண்டுபிடித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். பெருங்குடலின் இடது பக்க வளைவில் கட்டி. புற்றுநோய்தான், ஆனால் வேறெங்கும் பரவவில்லை. எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார்.

எல்லாவற்றையும் தனப்பிரியா விளக்கிச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மூட்ட தூக்கலாமாம்மா?"

"கொஞ்ச நாள் போவட்டுமுங்க. அப்புறம் தூக்கலாம்."

"எங்க பேக்டரில அங்கமுத்துன்னு ஒருத்தன். இங்க இருந்து இங்க வரைக்கும் கிழிச்சாங்க." சென்றாயன் நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரைக்கும் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "அந்தத் தையல் வழியா குடலு பிதுங்கிக்கிச்சு. இப்ப பெல்ட்டு கட்டிக்கிட்டு கேட்டாண்ட உக்காந்து வண்டி நம்பர் எழுதறான். எனக்கு எழுதவும் தெரியாதும்மா."

அவர் அழவெல்லாம் இல்லை. ஏதோ மழை வருமா என்று கேட்கிறவர் மாதிரிதான் சொன்னார். இந்த ஆளுக்குப் பெரிய வெட்டு விழக் கூடாது என்று தனப்பிரியா அந்த நிமிஷமே மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முன் குடல் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டு நாள் தெளிந்த திரவம் மட்டும் குடித்து, கடைசி நாள் பேதி மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். இதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு இங்கிலீஷ் தாள் இருந்தது. நோயாளிகள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்களே தவிர படிக்க மாட்டார்கள். தனப்பிரியாவுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். தானே உட்கார்ந்து தமிழில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாள். அதில் முதல் வரி: 'இரண்டு நாட்களுக்கு நீராகாரம் மட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் அருந்தலாம்.' நல்ல தமிழில் எழுதிவிட்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. அன்று கூட்டம் அதிகம். தாளை மாரக்காள் கையில் கொடுத்து, "அப்படியே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குச் சென்றாயனை மேஜையில் ஏற்றினார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் துளை போட்டு, வயிற்றுக்குள் காற்றை நிரப்பி, கேமராவை உள்ளே விட்டாள். டி.வி.யில் படம் தெளிந்தது.

சிறுகுடல் முழுக்க ஊதிப் புடைத்து, இருக்கிற இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. கட்டி இருக்கும் பெருங்குடலோ கனத்துத் தொங்கியது. கருவியால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே சரக்கு நிறைய இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் கிழியும். கிழிந்தால் அத்தனை அழுக்கும் வயிற்றுக்குள் கொட்டும்.

"தலைய இன்னும் கொஞ்சம் கீழ எறக்குங்க" என்றாள். மேஜையைச் சாய்த்தார்கள். ஊதின குடலை ஒரு பக்கம் ஒதுக்கினால் மறுபக்கத்திலிருந்து சரிந்து வந்து நின்றது. இப்படியே நாற்பது நிமிஷம் மல்லுக்கட்டினாள். ஒதுக்குவதும் சரிவதுமாகப் போனதே தவிர, கட்டியின் கிட்டேகூட நெருங்க முடியவில்லை.

"தலைகீழாவே ரொம்ப நேரம் வெக்க முடியாதும்மா. மூச்சுக்கு அழுத்தம் ஏறுது" என்றார் ஜீவா.

சேதி எப்படிப் போனதோ, நவநீதகிருஷ்ணன் தொப்பியும் மாஸ்க்குமாக உள்ளே வந்து நின்றார். டி.வி.யை ஒரு பார்வை பார்த்தார். "திறந்துரு சாமி. இது ஆவற காரியமில்ல."

திறக்கலாம்தான். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முடியாதபோது திறப்பதுதான் நல்ல சர்ஜனுக்கு அழகு என்று கோயம்புத்தூரில் அவளுக்குப் பாடம் சொல்லியே அனுப்பியிருந்தார்கள். ஆனால் திறந்தாலும் குடல் சுத்தமாகிவிடாது. இந்த அழுக்குக் குடலை நேராக ஒட்ட முடியாது. வயிற்றில் ஓட்டை வைத்து, மலம் போக ஒரு பை மாட்டி, சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன். நீள வெட்டும் வேண்டும், பையும் வேண்டும். அங்கமுத்துவுக்காவது பெல்ட் மட்டும்தான்.

விடாப்பிடியாகத் துளை வழியாகவே இழுத்துப் பார்க்கலாமா என்றும் ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்ததற்கு அப்புறம் ரொம்ப நாள் தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்றாவது கேஸ் என்ற எண்ணம் காதுக்குள் கொசு மாதிரி ரீங்காரமிட்டது. நர்ஸ் அபிநயா அடுத்து எந்தக் கருவி என்று கையை நீட்டிக் காத்திருந்தாள்.

தனப்பிரியா கருவிகளை வெளியே எடுத்தாள்.

"கத்தி குடு அபிநயா" என்றார் நவநீதகிருஷ்ணன், தனப்பிரியாவுக்காக.

"கத்தி வேண்டாம். தையல் நூல் குடு. வெளிய வந்தர்லாம்."

"என்னது?"

"இன்னிக்கு வேண்டாமுங்க சார். இன்னும் எதையும் வெட்டல. கட்டி எங்கயும் ஓடிப் போயராது. குடலச் சுத்தம் பண்ணிக்கிட்டு அஞ்சு நாள் கழிச்சு மறுபடி பண்ணலாம்."

"மயக்கம் குடுத்து, ஓட்டையப் போட்டு, ஒண்ணும் பண்ணாமத் திரும்பறதா? ஊட்ட உட்டுக் கெளம்பி, முக்குல இருந்து திரும்பி வர்ற மாதிரி இருக்குது. அந்த ஆளு ஊட்டுக்காரிகிட்ட என்ன சொல்லுவ?"

"நடந்ததச் சொல்லுவேன்."

நவநீதகிருஷ்ணன் திரும்பி வெளியே போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வெளியே பெஞ்சில் மாரக்காள் தனியாக உட்கார்ந்திருந்தாள். தனப்பிரியாவைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டாள். ஒரு மணி நேரத்திலேயே முடிந்துவிட்டது என்ற சந்தோஷம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பேசுவது தனப்பிரியாவுக்குப் பெரும்பாடாக இருந்தது.

"கட்டிய எடுக்கலைங்க. குடல் சுத்தமா இல்ல. அவரு ரெண்டு நாளா என்ன சாப்பிட்டாரு?"

"ஒண்ணும் சாப்பிடலையேம்மா! ஒரு பருக்க சோறு தொடல. நீங்க எழுதிக் குடுத்த நீராகாரந்தான்."

"நீராகாரம்னா?"

மாரக்காள் விழித்தாள். டாக்டருக்கு இதுகூடத் தெரியாதா என்கிற விழிப்பு அது. "கம்பஞ்சோத்தக் கரைக்கறதுதாம்மா. உப்புப் போட்டு, மோர் ஊத்தி, நாலு சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு. எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்னு எழுதியிருந்துதே. பேதிக்குப் போயிப் போயி மனுசன் துவண்டுட்டாரு. ஒவ்வொரு வாட்டி போயிட்டு வந்ததும் ஒரு சொம்பு கரைச்சுக் குடுத்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சத் தண்ணிகூடக் குடுக்கல." அவள் மடியிலிருந்து தாளை எடுத்தாள். ரேஷன் கார்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். "பக்கத்து ஊட்டுப் பொண்ண ரெண்டு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டேம்மா."

தனப்பிரியா தன் கையெழுத்தைப் பார்த்தாள். முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்வானேன். கம்பைக் கரைத்து வெங்காயத்தைப் போட்டு ஊற்றினால் அது ஆகாரம் இல்லையா என்று கத்த வாய் திறந்தாள். அப்புறம்தான் உறைத்தது. அவள் பிறந்த திருச்செங்கோட்டு வீட்டில் நீராகாரம் என்றால் இரவு சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீரைக் காலையில் தெளிவாக இறுத்து எடுப்பது. அதில் பருக்கை கிடந்தால் அம்மா திட்டு வாங்குவாள். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, அயோத்தியாப்பட்டணத்தில், மூட்டை தூக்குகிற வீட்டில், அதே வார்த்தைக்கு அர்த்தம் கம்பங்கரைசல். அவர்கள் தாளில் இருந்ததை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார்கள். பிசகினது எழுதினவள்.

"நாந்தான் அவருக்குக் கெடுதல் பண்ணிட்டேனாம்மா?" என்று மாரக்காள் கேட்டாள். உதடு துடிக்க ஆரம்பித்திருந்தது.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலீங்க. நான் எழுதினதுதான் தப்பு. தெளிஞ்ச தண்ணி, எளநீ, பால் ஊத்தாத டீ, இப்படிப் பிரிச்சு எழுதியிருக்கோணும். எழுதல. வாயில சொல்லியாவது இருக்கோணும். சொல்லல. என் தப்புங்க, முழுக்க என் தப்பு."

டாக்டர் ஒருத்தர் இப்படிப் பேசி மாரக்காள் கேட்டதில்லை போலிருக்கிறது. அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயக்கம் தெளிந்த சென்றாயனிடமும் தனப்பிரியா அதையே சொன்னாள். கேஸ் ஷீட்டிலும் அதையே எழுதினாள்: 'மருத்துவர் தந்த குறிப்பு தவறானதால் குடல் சுத்தமாகவில்லை.' கீழே கையெழுத்தும் போட்டாள்.

அந்த ஷீட்டோடு நவநீதகிருஷ்ணன் மத்தியானம் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"இத எவனாவது எழுதி வெப்பானா? நாளைக்கு எவனாவது வக்கீல் வந்து இதத் தூக்கிக் காட்டினா என்ன பண்ணுவ?"

"நடந்தது அதுதானுங்க சார்."

"சரி. செவ்வாய்க்கெழம நான் திறந்து பண்ணிக்கறேன். உன் மூணு கேஸ் முடிஞ்சுது."

"முடியலைங்க சார். ரெண்டுதான் முடிஞ்சிருக்குது. மூணாவது இன்னும் நடக்கவே இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை முறைத்தார். அவளும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேணும் சாமி. வா. அந்த ஆளையே கேட்டர்லாம். வயிறு அவனுது."

வார்டுக்குப் போனார்கள். நவநீதகிருஷ்ணன் ஒளிவுமறைவு இல்லாமல்தான் பேசினார். எனக்கு இதில் முப்பத்தைந்து வருஷ அனுபவம், நான் திறந்து செய்தால் ரெண்டு மணி நேரத்தில் முடியும். இந்தம்மா இந்த முறையில் ரெண்டுதான் செய்திருக்கிறார், அதிலும் ஒன்று பாதியில் திறக்க வேண்டியதாயிற்று. யோசித்துச் சொல்லுங்கள் என்றார். தனப்பிரியாவைப் பேசவே விடவில்லை. பேசச் சொல்லியிருந்தாலும் அவள் மறுத்துப் பேச அதில் பொய் ஒன்றும் இல்லை.

சென்றாயன் படுத்தபடியே கும்பிட்டார். "பெரியவரே, நீங்க கோச்சுக்கக் கூடாது" என்றார். "அந்தம்மா ஒரு வாட்டி உள்ள போயிட்டு வந்துட்டாங்க. போற வழி அவங்களுக்குத்தான் தெரியும். ஆவாதுன்னு தெரிஞ்சதும் திரும்பியும் வந்துட்டாங்க. அவங்களே போவட்டும்."

நவநீதகிருஷ்ணன் 'ம்' என்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அடுத்த ஐந்து நாளும் தனப்பிரியா சென்றாயனை விட்டு அசையவில்லை. இளநீர் வந்தால் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க விட்டாள். பேதி மருந்தை அவள் கண்முன்னால்தான் குடித்தார். "மாமியாகூட இப்படிக் காவல் இருக்க மாட்டா" என்று மாரக்காள் அபிநயாவிடம் சொன்னாளாம்.

செவ்வாய்க்கிழமை கேமரா உள்ளே போனபோது குடல் காலி மூட்டைபோல் மடங்கிக் கிடந்தது. தனப்பிரியாவுக்கு அழுகை வரும் போலிருந்தது; மாஸ்க் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வேலையை ஆரம்பித்தாள்.

ரத்தக் குழாயைக் கட்டுவதற்கு முன் சிறுநீர்க் குழாயைக் கண்டுபிடித்தாக வேண்டும். சிறுநீரகத்திலிருந்து இறங்கி, குடலுக்குப் பின்னாலேயே ஒளிந்து ஓடும் வெள்ளைக் குழாய். அது தெரியாமல் எதையும் வெட்டக் கூடாது. தெரிந்த மாதிரி இருக்கும். அது ரத்தக் குழாயாக இருக்கும். லேசாகத் தொட்டால் புழு மாதிரி நெளிய வேண்டும், அப்போதுதான் அது. இரண்டு தடவை தொட்டாள், நெளியவில்லை. விட்டுவிட்டு மறுபடி தேடினாள். ஐம்பது நிமிஷம் இதற்கே போனது. எப்போது வந்தாரோ, நவநீதகிருஷ்ணன் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அது இல்ல. இன்னும் உள்ள தள்ளி" என்றார் திடீரென்று.

உள்ளே தள்ளிப் பார்த்தாள். தொட்டாள். நெளிந்தது.

"அவசரப்படாத" என்றார் அவர்.

கட்டியை வெளியே எடுக்க அடிவயிற்றில் மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் ஒரு வெட்டு. அறுபட்ட இரண்டு நுனிகளையும் ஸ்டேப்ளரால் சேர்த்தாள். இனிமேல்தான் சோதனை. சேர்த்த இடம் மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி, கீழேயிருந்து காற்றை ஏற்றிப் பார்க்க வேண்டும். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கிற அதே வித்தைதான். எல்லாரும் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரே ஒரு குமிழி கிளம்பி மேலே வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

தனப்பிரியா ஊசி நூலை உள்ளே கேட்டு வாங்கி, அந்த இடத்தில் ஒரு தையல் போட்டாள். கம்பி முனையில் முடிச்சுப் போட ஒன்பது நிமிஷம் ஆனது. மறுபடி காற்று ஏற்றச் சொன்னாள். தண்ணீர் அசையாமல் நின்றது. இன்னொரு முறை ஏற்றச் சொன்னாள். அப்போதும் ஒன்றும் வரவில்லை. வெளியே வந்து மணி பார்த்தபோது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று சொல்வதெல்லாம் சும்மா. ஒட்டின குடல் வேலை செய்ய ஆரம்பித்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. அதற்கு ஒரே அடையாளம், காற்றுப் பிரிவது. பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் தினமும் காலையில் அந்த ஒன்றைக் கேட்பதற்காகத்தான் கோட்டு போட்டுக்கொண்டு வார்டுக்கு வருகிறார்கள். அது பிரிகிற வரைக்கும் வாயில் ஒன்றும் கிடையாது, சலைன்தான்.

"காத்துப் பிரிஞ்சுதுங்களா?" என்று தனப்பிரியா மறுநாள் கேட்டாள்.

"இல்லீங்கம்மா" என்றார் சென்றாயன்.

இரண்டாம் நாள் கேட்டாள். இல்லீங்கம்மா. மூன்றாம் நாள் கேட்டாள். "இல்லீங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வயிறு மெத்தென்றுதான் இருந்தது, காய்ச்சல் இல்லை. ஆனால் அவளுக்கு அந்தக் குமிழி கண்ணிலேயே நின்றது. தையல் பிடித்திருக்குமா? உள்ளே கசிகிறதா? கசிந்தால் நாலாம் நாள், ஐந்தாம் நாள்தான் ஆளைச் சாய்க்கும் என்று அவளுக்குத் தெரியும். கைப்பிடிச் சோற்றைக்கூட அவளால் முழுங்க முடியவில்லை. மூட்டை தூக்கின மனுஷன், நாலு நாளாகப் பட்டினி, வாய் திறந்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுவே அவளை அறுத்தது.

நாலாம் நாள் காலையும் "இல்லீங்கம்மா"தான். தனப்பிரியா முடிவெடுத்துவிட்டாள். ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது. கசிவு தெரிந்தால் அப்போதே மறுபடி உள்ளே போவது. இந்தத் தடவை திறந்தே ஆக வேண்டும் என்றாலும் தன் கையாலேயே திறப்பது. நவநீதகிருஷ்ணனிடம் போய்ச் சொன்னாள். அவரும் கூடவே வார்டுக்கு வந்தார்.

ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. "எங்கம்மா கூட்டிட்டுப் போறீங்க?" என்று மாரக்காள் பதறினாள்.

"ஸ்கேனுக்குங்க. இன்னும் காத்துப் பிரியல. உள்ள தையல் விட்டுருச்சான்னு பாக்கோணும். விட்டிருந்தா மறுபடி ஆபரேஷன் பண்ண வேண்டி வரும். இந்த வாட்டி வயித்தத் திறந்து."

மாரக்காள் புருஷனைப் பார்த்தாள். சென்றாயன் போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு போட்ட சத்தத்தில் கடைசிப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"யோவ், சொல்லப்போறியா இல்லியா? அம்மா, பிரியுதும்மா! முந்தாநேத்து சாயந்தரத்துல இருந்து பிரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு! நேத்தெல்லாம் பக்கத்துல உக்கார முடியல!"

வார்டு முழுக்கக் கொல்லென்று சிரித்தது. அபிநயா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"ஏனுங்க?" தனப்பிரியா ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க இத்தன நாளாச் சொல்லல?"

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. "நீங்க எவ்வளவு பெரிய படிப்பு படிச்சவங்க. அதுலயும் பொம்பள. உங்க மூஞ்சியப் பாத்து அந்த வார்த்தைய எப்படிம்மா சொல்லறது? மரியாத இல்லியே."

"நானும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா" என்றாள் மாரக்காள். "கத்தின்னதும் சத்தியமாவது ஒண்ணாவதுன்னு ஆயிடுச்சு."

தனப்பிரியா ஸ்ட்ரெச்சரிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்புத்தான் முதலில் வந்தது. அது பாதியிலேயே அழுகையாக மாறியது. எட்டு மாத நச்சரிப்பும், பத்தொன்பது நாள் கட்டும், அந்த ஒற்றைக் குமிழியும் எல்லாம் சேர்ந்து வந்தது. நோயாளிகள் முன்னால் டாக்டர் அழக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு அதைப் பற்றி அப்போது ஒரு கவலையும் இல்லை. மாரக்காள் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நவநீதகிருஷ்ணன் போர்வையை விலக்கி, சென்றாயன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நாலு சின்னப் புள்ளியையும், கீழே இருந்த அந்தச் சிறு தையலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தார்.

பிறகு வாசலுக்குப் போய் அபிநயாவைக் கூப்பிட்டார். "அம்மாபேட்டைல இருந்து ஒருத்தரு நேத்து அட்மிட் ஆனாருல்ல, பதினாலாம் நம்பர், குடல்ல கட்டி. அவரு கேஸ் ஷீட்ட எடுத்துக்கிட்டு வா."

"உங்க பேர்ல போட்டிருக்குதுங்க சார்" என்றாள் அபிநயா.

"அத அடிச்சுட்டு இந்தம்மா பேர எழுது." அவர் தனப்பிரியாவைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "நான் பக்கத்துல நிக்கறேன். எனக்கும் அந்தக் கம்பியப் புடிக்கக் கத்துக் குடு சாமி."